தீப்பெட்டியின் மேல் இரண்டு தம்படி

அம்பர்நாத் வழியாகத் தினமும் லோகல் ரயிலில் போய்வரும் நம்மவர்கள் அநேகம். அங்குள்ள பழைய சிவன் கோயிலைப் பற்றிக் கேட்டால் உடனே சொல்வார்கள். அந்த ஊருக்கும் நம் சிவகாசிக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஒரே தொழில் வந்து சேர்ந்தது என்பதும், இரண்டுக்கும் வழி திறந்தது ஒரே வரிதான் என்பதும் அவ்வளவாகத் தெரியாத செய்தி. இறக்குமதி வரி போட்டால் விலைவாசி ஏறுமா, சிறுதொழில் பிழைக்குமா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. நூறு வருஷத்துக்கு முந்தைய தீப்பெட்டிக் கதையில் இதற்குக் கொஞ்சம் தெளிவு கிடைக்கும் என்பது என் எண்ணம்.

கஜானாவுக்காக வந்த வரி

முதல் உலகப் போருக்கு முன்பு நம் வீடுகளில் அடுப்பு மூட்டியது பெரும்பாலும் சுவீடன், ஜப்பான் தீப்பெட்டிகள்தான். போர்க்காலத்தில் ஐரோப்பியச் சரக்கு வருவது சுருங்கவே, ஜப்பான் தீப்பெட்டி சந்தையை நிறைத்தது. போர் முடிந்ததும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்குப் பெரிய துண்டு விழுந்தது. எதன் மேல் வரி போட்டால் தவறாமல் காசு வரும் என்று தேடிய அதிகாரிகளின் கண்ணில் தீப்பெட்டியும் பட்டது. ஏழை, பணக்காரன் எல்லோருக்கும் வேண்டிய சாமான் அல்லவா?

அதுவரை சரக்கின் மதிப்பில் நூற்றுக்கு ஏழரை என்று இருந்த வரி, 1921இல் குரோஸுக்கு 12 அணா என்று மாறியது. அடுத்த வருஷமே அது இரட்டித்து ஒன்றரை ரூபாய் ஆனது. குரோஸ் என்பது 144 பெட்டி. அணாவுக்கு 12 தம்படி என்ற அந்நாள் கணக்கில் பார்த்தால், பெட்டிக்கு முதலில் ஒரு தம்படி, பிறகு இரண்டு தம்படி. காலணாவுக்கே மூன்று தம்படிதான் என்பதை நினைத்துக்கொண்டால் இந்தச் சுமையின் அளவு புரியும். உள்நாட்டுத் தொழிலை வளர்க்கும் எண்ணம் இதில் கிடையாது. கஜானாவை நிரப்பவே போட்ட வரி இது.

மதிலுக்குள் வந்தவர்கள்

ஆனால் மதில் எழுந்துவிட்டது. அதற்குள் நுழைந்தால் லாபம் என்று பலரும் கணக்குப் போட்டார்கள். கல்கத்தாவில் குச்சியையும் பெட்டிக்கான மரச் சீவலையும் வெளிநாட்டிலிருந்து தனித்தனியே வரவழைத்து, இங்கே மருந்து முக்கி விற்றார்கள். முழுத் தீப்பெட்டிக்குத்தானே அந்த வரி! அரசு 1924இல் விழித்துக்கொண்டு குச்சிக்கும் சீவலுக்கும் தனி வரி போட்டது.

அதே கல்கத்தாவுக்கு 1922இல் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் என்ற இரு உறவினர்கள் தொழில் கற்கப் போனார்கள். திரும்பி வந்து 1923இல் சிவகாசியில் ஆலை தொடங்கினார்கள். மழை குறைந்த வறண்ட பூமி. விவசாயம் கைகொடுக்காத ஊர். மருந்து உலர அந்த வெயிலே வசதியாகப் போயிற்று. ஜெர்மன் இயந்திரங்களோடு ஆரம்பித்தவர்கள், அது கட்டுப்படியாகாமல் கைத்தொழிலாகவே மாற்றிக்கொண்டார்கள். குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் வீட்டுத் திண்ணை வரை பரவின.

இவர்களோடு மூன்றாவதாக ஒருவரும் மதிலுக்குள் வந்தார். யாரைத் தடுக்கும் விதமாக அந்த வரி அமைந்ததோ, அந்த சுவீடன்காரரேதான்! உலகத் தீப்பெட்டி வியாபாரத்தில் பெரும்பங்கைக் கையில் வைத்திருந்த ஐவர் க்ருகரின் சுவீடிஷ் மேட்ச் நிறுவனம், 1923இல் வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியை இங்கேயே தொடங்கியது. அதுதான் விம்கோ. அம்பர்நாத்தில் அதன் ஆலை எழுந்தது. சென்னை திருவொற்றியூரிலும் அது ஓர் ஆலை கட்டியதால்தான் அங்கே விம்கோ நகர் என்ற பெயர் நிலைத்தது. மெட்ரோ நிலையத்துக்கும் இன்று அதே பெயர்தான்.

விலை ஏறியதா, இறங்கியதா?

வரி போட்டதும் அந்தச் சுமை வாங்குபவர் தலையில்தான் இறங்கும். இதில் மாயம் ஒன்றுமில்லை. ஆனால் மதிலுக்குள் பலர் போட்டி போட ஆரம்பித்தால், உள்ளூர்ச் சரக்கின் விலை வரி அளவுக்கு உயர்ந்து நிற்க முடியாது. அப்போது சோதனை சிறியவர்களுக்கு வருகிறது. சுவீடன் நிறுவனம் விலையைக் குறைத்துத் தங்களை நசுக்குகிறது என்று இந்திய உற்பத்தியாளர்கள் டாரிஃப் போர்டு முன் முறையிட்டார்கள். அந்தப் போர்டின் விசாரணைக்குப் பிறகு 1928இல் அதே ஒன்றரை ரூபாய், தொழிலைக் காக்கும் வரி என்று சட்டப்படி நிலைபெற்றது. வெளியிலிருந்து வரும் போட்டியாளரை அது தடுக்கும். உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டவரை என்ன செய்யும்?

இறக்குமதி குறையக் குறைய சுங்க வருமானமும் சுருங்கியது. 1934இல் அரசு உள்நாட்டுத் தீப்பெட்டிக்கே கலால் வரி போட்டது. சிறியவர்களுக்குப் பின்னாளில் பெரிய துணையாக நின்றது இந்தக் கலால் வரியில் கிடைத்த சலுகைதான். சுதந்திரத்துக்குப் பிறகு இயந்திர ஆலைக்கு ஒரு விகிதம், கைத்தொழிலுக்குக் குறைந்த விகிதம் என்று வைத்தார்கள். சலுகையைத் தக்கவைக்க ஒரே முதலாளி பல சிறு ஆலைகளாகப் பிரித்துக்கொண்டதும் உண்டு.

இன்னொரு கணக்கையும் மறைக்கக்கூடாது. தீப்பெட்டி மலிவாக இருந்ததற்குக் குழந்தைகளின் விரல்களும் காரணம். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அபாயகரமான வேலையில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நாம் கடையில் கொடுக்காத காசை, பள்ளிக்கூடம் போகாமல் அந்தப் பிள்ளைகள் கொடுத்திருக்கிறார்கள்.

மறுபடியும் அதே கதை

உள்நாட்டுப் போட்டி எவ்வளவு கடுமை என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2007இல் 50 காசிலிருந்து 1 ரூபாய் ஆன பெட்டி, 2021 டிசம்பரில்தான் 2 ரூபாய் ஆனது. நடுவில் 14 வருஷம். மெழுகு, சிவப்புப் பாஸ்பரஸ், அட்டை எல்லாம் விலை ஏறியும், தனியாக விலையை உயர்த்தத் துணிந்தவர் இல்லை.

இதற்கிடையில் மலிவான பிளாஸ்டிக் லைட்டர்கள் வந்தன. பத்து ரூபாய் லைட்டர் ஒன்று 20 தீப்பெட்டிகளின் இடத்தைப் பிடிக்கிறது என்று 2022இல் தமிழக முதல்வர் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூனில், 20 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள லைட்டர்களின் இறக்குமதிக்குத் தடை வந்தது. 2024 அக்டோபரில் லைட்டர் பாகங்களுக்கும் தடை வந்தது. 1924இல் குச்சிக்கும் சீவலுக்கும் வரி போட்ட கதை நினைவுக்கு வரவில்லையா?

ஆக, மதில் சிறியவர்களுக்கு மூச்சுவிட நேரம் கொடுக்கிறது. அந்த நேரத்தின் விலையைக் குடும்பங்கள் பெட்டிக்குப் பெட்டி தம்படியாகக் கட்டுகின்றன. சிவகாசி அந்த நேரத்தில் தொழிலைக் கற்றுக்கொண்டது. ஆனால் கூலியையும் பிள்ளைகளின் படிப்பையும் சீராக்க மிகவும் தாமதித்துவிட்டது. இனி எந்தப் பொருளுக்கு வரி ஏறினாலும், அந்த அவகாசத்தில் உள்ளே இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்கும் உரிமை, காசு கட்டும் நமக்கு உண்டு.