பழைய பைக்கில் முன் ஃபோர்க் தேய்ந்துவிட்டதா? வீட்டிலேயே சரிசெய்யும் முறை

அதிகாலையில் பால் கேன், மதியம் உர மூட்டை, மாலையில் பூக்கூடை என்று விவசாயி வீட்டு பைக் ஓயாமல் ஓடுகிறது. திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கம் பத்துப் பதினைந்து வருடம் ஓடிய 100 சிசி வண்டிகள் இன்னும் ஏராளமாக உள்ளன. இன்ஜின் நன்றாக இருக்கும். முதலில் தளர்வது முன் ஃபோர்க்தான். கரும்புத் தோட்டத்து வண்டிப்பாதை, வரப்பு ஓரக் குழி, வேகத்தடை எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வது அதுதான்.

ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்தால் வண்டி குலுங்குவதோடு போகாது. கசியும் எண்ணெய் கீழே வழிந்து முன் பிரேக்கில் இறங்கினால் பிரேக் பிடிக்காது. மூட்டையோடு சரிவில் இறங்கும்போது இது உயிர்ப் பிரச்சினை. ஆயில் சீல் மாற்றுவது கடினமான வேலை அல்ல. ஒரு நாள் நிதானமாக உட்கார்ந்தால் வீட்டிலேயே முடிக்கலாம்.

இந்த முறை டெலஸ்கோபிக் ஃபோர்க்கில் எண்ணெய் உள்ள பைக்குகளுக்கானது. டிவிஎஸ் எக்ஸ்எல் போன்ற மொபெட்டுகளின் முன் ஃபோர்க் ஸ்பிரிங் வகை. அவற்றுக்கு இதே படிகள் பொருந்தாது.

ஃபோர்க் எப்படி வேலை செய்கிறது?

மேலே பளபளப்பாகத் தெரியும் குரோம் பைப், கீழே உள்ள அலுமினியக் குழாய்க்குள் ஏறி இறங்குகிறது. அந்தக் கீழ்க் குழாயை மெக்கானிக்குகள் பாட்டம் என்பார்கள். பைப்புக்குள் நீளமான ஸ்பிரிங் இருக்கும். எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் துள்ளாமல் மெதுவாக நிமிரச் செய்வது எண்ணெய். சிறிய துளைகள் வழியாக எண்ணெய் போய் வருவதால்தான் அந்த நிதானம் கிடைக்கிறது. எண்ணெய் வெளியே போகாமல் காப்பது பாட்டத்தின் வாயில் இருக்கும் ஆயில் சீல். அதற்கு மேல் தூசி சீல் இருக்கும்.

ஏன் சீக்கிரம் தேய்கிறது?

* பைப்பில் ஒட்டிய சேறு காய்ந்து, ஃபோர்க் அமுங்கும்போது சீலின் உதட்டை அறுக்கிறது.
* யூரியா, டிஏபி மூட்டைகளின் தூள் ஈரத்தை இழுத்துக்கொண்டு பைப்பில் ஒட்டினால் துரு பிடிக்கும். துரு விழுந்த இடம் உப்புத்தாள்போல் சீலைத் தேய்க்கும்.
* கோடையில் அதிக வெப்பம் பதிவாகும் ஊர்களின் பட்டியலில் திருத்தணி அடிக்கடி வருகிறது. நாள் முழுக்க வெயிலில் நிற்கும் வண்டியில் ரப்பர் சீக்கிரம் இறுகி வெடிக்கும்.
* வருடக்கணக்கில் எண்ணெய் மாற்றாமல் விடுவதால் உள்ளே உலோகத் தூள் கலந்து கறுத்துவிடும்.

முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள்

ஃபோர்க், கோன்செட், சக்கர பேரிங் மூன்றும் கெட்டால் ஏறத்தாழ ஒரே மாதிரி ஆட்டம் தெரியும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரம் தரையில் படாதபடி செய்துவிட்டுச் சோதியுங்கள்.

1. டயரை இரு பக்கமும் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். அச்சுப் பக்கம் ஆட்டம் இருந்தால் சக்கர பேரிங்.
2. ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஹேண்டில் தண்டின் அடியில் 'டக்' என்று தட்டினால் கோன்செட் தளர்ந்துள்ளது.
3. பைப்பும் பாட்டமும் சேரும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு அதேபோல் தள்ளுங்கள். ஆட்டம் அங்கே தெரிந்தால் ஃபோர்க்கின் உள் தேய்மானம்.
4. சக்கரத்தைத் தரையில் இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டிலை அழுத்தி விடுங்கள். நல்ல ஃபோர்க் ஒருமுறை எழுந்து நிற்கும். இரண்டு மூன்று முறை துள்ளினால் எண்ணெய் குறைந்துள்ளது.
5. பைப்பில் எண்ணெய் வளையம், பாட்டத்தில் எண்ணெயோடு ஒட்டிய புழுதி இருந்தால் சீல் போய்விட்டது.

கழற்றுவதற்கு முன் ஒரு எளிய முயற்சி

கசிவு இலேசாக இருந்தால் சீலுக்கு அடியில் மண் துகள் மாட்டியிருக்கலாம். தூசி சீலை மெதுவாக மேலே நகர்த்துங்கள். தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்கில் விரல் அகலத்தில் ஒரு துண்டு வெட்டி, ஓரத்தில் சிறிய கொக்கி போல் செய்யுங்கள். அதைப் பைப்புக்கும் சீலுக்கும் நடுவே நுழைத்து ஒரு சுற்று இழுத்து எடுங்கள். மண் வெளியே வரும். துடைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். கசிவு நின்றால் அத்துடன் வேலை முடிந்தது. இதற்குக் கத்தி, கம்பி, பிளேடு எதையும் பயன்படுத்தாதீர்கள்.

தேவையான பொருட்கள்

ஆயில் சீல் இரண்டு, தூசி சீல் இரண்டு, அடி போல்ட்டுக்குச் செம்பு வாஷர் இரண்டு, ஃபோர்க் ஆயில், ரிங் ஸ்பேனர் செட், அலன் கீ, சர்க்கிளிப் பிளையர், தட்டை ஸ்குரூ டிரைவர், சீல் அளவுக்குப் பொருந்தும் பிவிசி குழாய்த் துண்டு, மில்லி அளவு போட்ட பெரிய ஊசிக் குழாய், மண்ணெண்ணெய், சுத்தமான துணி.

ஒரு பக்கம் மட்டும் கசிந்தாலும் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். எண்ணெயின் வகையும் அளவும் வண்டிக்கு வண்டி வேறுபடும். கையேட்டில் போட்டிருக்கும் அளவே சரி. கையேடு இல்லையென்றால் மாடலும் வருடமும் சொல்லி கம்பெனி உதிரிபாகக் கடையில் கேளுங்கள். உள்ளிருந்து வடித்த எண்ணெயை அளந்து அதே அளவு ஊற்றாதீர்கள். கசிந்தது போக மீதிதான் அது.

கழற்றும் முறை

1. சமதரையில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினுக்கு அடியில் கட்டை வைத்து முட்டுக்கொடுங்கள். வண்டியைப் பிடிக்க ஒருவர் கூட இருக்கட்டும்.
2. பிரேக் கேபிள், மீட்டர் கேபிள், முன் சக்கரம், மட்கார்டு ஆகியவற்றை வரிசையாகக் கழற்றுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் காலிப்பரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். குழாயில் தொங்க விடாதீர்கள். சக்கரம் இல்லாதபோது பிரேக் லீவரையும் அழுத்தக் கூடாது.
3. பாட்டத்தின் அடியில் உள்ள அலன் போல்ட்டை இப்போதே சற்று இளக்குங்கள். ஸ்பிரிங் அழுத்தம் இருக்கும்போதுதான் உள்ளே உள்ள தண்டு கூடவே சுற்றாமல் நிற்கும். ஒருவர் பாட்டத்தை மேல்நோக்கி அழுத்திப் பிடித்தால் எளிதாக இளகும்.
4. மேல் நட்டைக் கழற்றும்போது முகத்தை நேர் மேலே வைக்காதீர்கள். கடைசி மரையில் ஸ்பிரிங் எகிறும். உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே திருப்புங்கள்.
5. கீழ்க் கிளாம்ப் போல்ட்டை இளக்கி, பைப்பைத் திருகியபடி கீழே இழுத்து எடுங்கள். ஸ்பிரிங்கின் எந்த முனை மேலே இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.
6. எண்ணெயை ஒரு டப்பாவில் வடியுங்கள். பைப்பை ஏற்றி இறக்கினால் மீதியும் வரும்.
7. தூசி சீல், சர்க்கிளிப், அடி அலன் போல்ட் ஆகியவற்றை எடுத்துவிட்டுப் பைப்பை வெளியே இழுங்கள். உள் தண்டின் முனையில் கிண்ணம் போன்ற சிறு துண்டு இருக்கும், அதைத் தவறவிடாதீர்கள்.
8. பாட்டத்தின் வாயில் துணி மடித்து வைத்து, அதன்மேல் ஸ்குரூ டிரைவரை ஊன்றிப் பழைய சீலை நெம்புங்கள். அலுமினியத்தில் கீறல் விழுந்தால் புதுச் சீலும் கசியும்.

பைப்பைச் சோதியுங்கள்

இந்த இடத்தில் அவசரப்பட்டால் செய்த வேலை வீண். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த பைப்பின் மேல் நகத்தை ஓட்டுங்கள். சீல் ஏறி இறங்கும் பகுதியில் நகம் தட்டினால் அந்தப் பைப்பில் எந்தச் சீலும் நிற்காது. குரோம் உரிந்திருந்தாலும் அப்படியே. புதுப் பைப் வாங்குவது நல்லது. சீல் படாத மேல் பகுதியில் உள்ள சின்னத் துருவை நைஸ் உப்புத்தாளால் தேய்த்து விடலாம்.

அடுத்து, பைப்பைக் கண்ணாடி அல்லது கிரானைட் பலகை மேல் உருட்டுங்கள். அடியில் வெளிச்சம் விட்டுவிட்டுத் தெரிந்தால் வளைவு உள்ளது. இலேசான வளைவை லேத் பட்டறையில் நிமிர்த்துவார்கள். மடிப்பு விழுந்த பைப்பையும், வெல்டிங் வைத்த பைப்பையும் மீண்டும் போடவே கூடாது.

பூட்டும் முறை

1. எல்லாப் பாகத்தையும் கழுவிக் காயவைத்து, பைப்பை உள் தண்டோடு பாட்டத்தில் இறக்குங்கள். புதுச் செம்பு வாஷர் போட்டு, ஸ்பிரிங்கைத் தற்காலிகமாக உள்ளே விட்டு அழுத்திப் பிடித்தபடி அலன் போல்ட்டை முறுக்குங்கள். பிறகு ஸ்பிரிங்கை வெளியே எடுங்கள்.
2. பைப்பின் மேல் விளிம்பில் பிளாஸ்டிக் பை சுற்றி, சீல் உதட்டில் ஃபோர்க் ஆயில் தடவி மேலிருந்து இறக்குங்கள். சீலில் எண் பொறித்த பக்கம் மேலே, மெல்லிய கம்பிச்சுருள் தெரியும் பக்கம் கீழே இருக்க வேண்டும்.
3. பழைய சீலை அதன்மேல் வைத்து, பிவிசி குழாயால் நாலாபுறமும் சமமாகத் தட்டுங்கள். சர்க்கிளிப் காடி முழுதாகத் தெரிந்தால் சீல் உட்கார்ந்துவிட்டது. பழைய சீலை எடுத்துவிட்டு சர்க்கிளிப், தூசி சீல் போடுங்கள்.
4. இரண்டு பக்கமும் சம அளவு எண்ணெய் ஊற்றி, பைப்பைப் பத்து முறை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். உள்ளே உள்ள காற்று வெளியேறும்.
5. ஸ்பிரிங்கைப் பழைய வாக்கில் போட்டு, இரு பைப்பும் ஒரே உயரத்தில் நிற்கும்படி ஏற்றுங்கள். கீழ்க் கிளாம்ப்பை இறுக்கிக்கொண்டு, ஸ்பிரிங்கை அழுத்தி மேல் நட்டைப் பூட்டுங்கள்.
6. சக்கரம் மாட்டும்போது டிரம் பிரேக் தட்டில் உள்ள காடி, பாட்டத்தில் உள்ள முட்டில் சரியாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பிரேக் பிடித்ததும் தட்டே சுழன்று சக்கரம் பூட்டிக்கொள்ளும். இதை இரண்டு முறை பாருங்கள்.
7. அச்சு நட்டை முழுதாக இறுக்கும் முன், வண்டியைத் தரையில் இறக்கி முன்பக்கத்தை நாலைந்து முறை அழுத்துங்கள். ஃபோர்க் நேராக நின்றபின் இறுக்குங்கள்.

பிரேக் ஷூவில் எண்ணெய் இறங்கியிருந்தால் பெட்ரோலில் கழுவி மீண்டும் போடாதீர்கள். சூடானதும் ஊறிய எண்ணெய் திரும்ப வெளியே வரும். புது ஷூ போடுங்கள், டிரம்மையும் துடைத்துவிடுங்கள்.

செய்யக் கூடாதவை

* பழைய இன்ஜின் ஆயில் ஊற்றுவது. அதில் உள்ள உலோகத் தூள் சீலையும் பைப்பையும் தின்றுவிடும்.
* பாரம் தாங்கட்டும் என்று கூடுதல் எண்ணெய் ஊற்றுவது. உள்ளே காற்றுக்கு இடமின்றி அழுத்தம் ஏறி, புதுச் சீலையே தள்ளிவிடும்.
* ஸ்பிரிங் மேல் வாஷர் அடுக்கி இறுக்கமாக்குவது. சக்கரம் குழியில் இறங்காமல் துள்ளும், பிடிமானம் போகும்.
* வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டுவது. டப்பாவில் மூடி, பழைய ஆயில் எடுக்கும் மெக்கானிக் கடையில் கொடுங்கள்.

எப்போது மெக்கானிக்கிடம் போக வேண்டும்?

அலன் போல்ட் கழலாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், பாட்டத்தின் உள்சுவர் தேய்ந்திருந்தால், கோன்செட் மாற்ற வேண்டியிருந்தால், விபத்தில் ஃபோர்க் வளைந்திருந்தால் வீட்டு வேலையை நிறுத்திவிடுங்கள். இவற்றுக்குத் தனிக் கருவிகள் வேண்டும்.

ஓட்டிப் பார்த்த பிறகு

முதல் ஓட்டம் பாரம் இல்லாமல், கூட்டம் இல்லாத சமதளச் சாலையில் இருக்கட்டும். மெதுவாகப் போய் முன் பிரேக்கைச் சோதியுங்கள். தணிகை மலைப்பாதைக்கும் சென்னை-திருப்பதி நெடுஞ்சாலைக்கும் அதன் பிறகு போகலாம். 50 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டுகளையும் ஒருமுறை பார்த்து, பைப்பை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் எண்ணெய் படாவிட்டால் வேலை சுத்தம்.

அதன்பின் பராமரிப்பு எளிது. வயலிலிருந்து வந்ததும் பைப்பில் உள்ள சேற்றை ஈரத்துணியால் துடையுங்கள். மருந்து தெளிக்கும் பவர் ஸ்பிரேயரால் சீலை நோக்கித் தண்ணீர் அடிக்காதீர்கள். ரப்பர் உறை போட்ட வண்டியென்றால் அது கிழிந்துள்ளதா, உள்ளே மண் தங்கியுள்ளதா என்று பாருங்கள். ஹேண்டிலில் கனமான பைகளை மாட்டாதீர்கள். வண்டியை நிழலில் நிறுத்துங்கள். கரும்பு வெட்டுக்கு முன், அல்லது ஆடிக் கிருத்திகைக்கு ஊரில் நெரிசல் கூடும் முன், வருடம் ஒருமுறை மேலே சொன்ன ஐந்து சோதனைகளையும் செய்துவிட்டால், பாரத்தோடு சரிவில் இறங்கும் நாளில் பிரேக் கைவிடாது.