பெற்றோர் வழக்கில் குழந்தைக்காகப் பேசுவது யார்? சட்டம் கூறுவது என்ன?

கணவன், மனைவி பிரிந்து வாழத் தொடங்கும்போது, குழந்தையை உடன் வைத்து வளர்க்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி குடும்பநல நீதிமன்றத்தின் முன் வருகிறது. சட்ட வழக்கில் இது பாதுகாப்பு உரிமை எனப்படுகிறது. இவ்வழக்கில் தந்தை ஒரு தரப்பு, தாய் மற்றொரு தரப்பு. தீர்ப்பால் யாருடைய வீடும் பள்ளியும் அன்றாட வாழ்க்கையும் மாறப்போகின்றனவோ, அந்தக் குழந்தை பெரும்பாலும் எந்தத் தரப்பாகவும் இருப்பதில்லை. குழந்தையின் நலனை மட்டுமே எடுத்துரைப்பதற்கென ஒரு வழக்கறிஞரை நியமித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இந்தியச் சட்டத்தில் இல்லை.

இத்தனைக்கும், குழந்தையின் நலனே முதன்மையானது என்பதில் சட்டத்துக்கு ஐயம் ஏதும் இல்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து சிறார் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 13-ஆவது பிரிவு அதை வெளிப்படையாகவே கூறுகிறது. ஐந்து வயது நிறைவடையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் 6-ஆவது பிரிவு. தந்தைக்குப் பிறகே தாய் இயற்கைப் பாதுகாவலர் என்று அப்பிரிவில் உள்ள சொற்களுக்கு, எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் விரிவான பொருள் தந்தது. தந்தை உயிருடன் இருக்கும்போதும், அவர் குழந்தையின் பொறுப்பை ஏற்காத நிலையில் தாய் இயற்கைப் பாதுகாவலராகச் செயல்படலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். குழந்தைகள் பெற்றோரின் உடைமைகளோ விளையாட்டுப் பொருள்களோ அல்லர் என்று 1973-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

ஆனால், அந்த நலன் எது என்பதை நீதிபதிக்கு எடுத்துச் சொல்வது யார் என்பதில்தான் தெளிவு குறைகிறது.

1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் பாதுகாவலுக்குட்பட்டோர் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி, விவரம் அறிந்து விருப்பம் தெரிவிக்கக்கூடிய வயதை எட்டிய குழந்தையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம். அந்த வயது எது என்று சட்டம் வரையறுக்கவில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆவது பிரிவும், இயன்றவரை குழந்தையின் விருப்பத்துக்கு இசைந்தே உத்தரவு இருக்க வேண்டும் என்கிறது. நடைமுறையில், நீதிபதி குழந்தையைத் தமது அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசுகிறார். சில நிமிடங்களே நீடிக்கக்கூடிய அந்தச் சந்திப்பில், பல மாதங்களாக ஒருவரிடம் மட்டுமே வளர்ந்து வரும் குழந்தை சொல்வது அதன் சொந்த விருப்பமா, சொல்லிக் கொடுக்கப்பட்டதா என்று பிரித்தறிவது அனுபவமிக்க நீதிபதிக்கும் எளிதன்று. அம்மா வேண்டுமா, அப்பா வேண்டுமா என்ற கேள்வியே குழந்தையின் மீது சுமத்தப்படும் ஒரு பாரம்தான்.

1984-ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றங்கள் சட்டம் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. ஆலோசகர்களை நியமிக்க 6-ஆவது பிரிவும், மருத்துவ, சமூக நல வல்லுநர்களின் உதவியைப் பெற 12-ஆவது பிரிவும் வழி செய்கின்றன. 13-ஆவது பிரிவு சற்று வியப்பூட்டுவது. குடும்பநல நீதிமன்றத்தில் வழக்கறிஞரை வைத்து வாதாடுவதை எவரும் உரிமையாகக் கோர முடியாது என்கிறது அது. எனினும், நீதியின் நலனுக்குத் தேவை எனக் கருதினால், நீதிமன்றத்துக்கு உதவும் சட்ட வல்லுநராக (அமிக்கஸ் கியூரி) ஒருவரின் துணையை நாடலாம். குழந்தையின் தரப்பைத் தனியே ஆராய்ந்து கூற ஒருவரை அழைப்பதற்கு இதுவே தெளிவான வழி. ஆனால் 'நாடலாம்' என்பதுதான் சட்டத்தின் சொல். 'நாட வேண்டும்' என்பதன்று.

ஆலோசகரின் அறிக்கைக்கு உள்ள மதிப்பை 2019-இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. சமரச முயற்சியில் பேசப்படுபவை பொதுவாக இரகசியமானவை. எனினும், குழந்தையின் பாதுகாப்பு உரிமை தொடர்பான வழக்கில், குழந்தையுடன் பேசி ஆலோசகர் அளிக்கும் அறிக்கையை நீதிமன்றம் பயன்படுத்தத் தடையில்லை என்று அத்தீர்ப்பு கூறியது. அதே வேளையில், ஆலோசகர் வழக்கறிஞர் அல்லர். எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவோ, பாதகமான உத்தரவை எதிர்த்துக் குழந்தைக்காக மேல்முறையீடு செய்யவோ அவரால் இயலாது.

வெளிநாடுகளிலும் இதற்கு ஒரே விடை இல்லை. ஆஸ்திரேலியாவின் 1975-ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டத்தின்படி, நீதிமன்றம் குழந்தைக்குத் தனி வழக்கறிஞர் வேண்டும் என உத்தரவிடலாம். அவர் குழந்தையின் கருத்தை நீதிமன்றத்தில் தெரிவிக்க வேண்டும். ஆனால் அதன்படியே வாதாட வேண்டியதில்லை. குழந்தையின் நலனுக்கு உகந்தது எது எனத் தாமே ஆராய்ந்து அதையே முன்வைப்பார். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் நிலைமை வேறு. அங்கு, விவரம் அறிந்த குழந்தையின் வழக்கறிஞர், தமக்கு அது சரியெனப் படாவிட்டாலும், அக்குழந்தையின் விருப்பப்படியே வாதாட வேண்டும். குடிப்பழக்கமுள்ள தந்தையிடமே இருக்க விரும்பும் பத்து வயதுச் சிறுவனை எண்ணிப் பார்த்தால், இவ்விரு முறைகளுக்கும் உள்ள தொலைவு புரியும்.

தன்னைப் பாதிக்கும் நீதிமன்ற நடவடிக்கைகளில் நேரடியாகவோ பிரதிநிதி மூலமாகவோ கருத்துக் கூறும் வாய்ப்புக் குழந்தைக்கு அளிக்கப்பட வேண்டும் என்று ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு கூறுகிறது. 1992 டிசம்பரில் இந்தியா அதை ஏற்றது. பாதுகாவலர் சட்டங்களில் சீர்திருத்தம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2015 மே மாதம் அளித்த 257-ஆவது அறிக்கை, தாயும் தந்தையும் சமமான இயற்கைப் பாதுகாவலர்களாக வேண்டும், இருவரும் சேர்ந்து வளர்க்கும் கூட்டுப் பாதுகாப்பு முறைக்குச் சட்டத்தில் இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. குழந்தையின் விருப்பத்தை அறியும் முறை குறித்த வழிகாட்டுதல்களையும் அது முன்வைத்தது.

கட்டணம் ஒரு தடையாக வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறத் தகுதி அளிக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தை இதற்காக அணுகலாம். பெற்றோரில் ஒருவரோ, தாத்தா, பாட்டி போன்ற உறவினரோ வழக்கில் தரப்பினராக இருந்தால், வல்லுநர் உதவியையோ அமிக்கஸ் கியூரி நியமனத்தையோ கோரி நீதிமன்றத்தில் மனு அளிக்கலாம். அதை ஏற்பதும் மறுப்பதும் நீதிபதியின் விருப்புரிமைக்கு உட்பட்டது.