கங்கா விலாஸ்: 51 நாள் நதிப் பயணமும் ஆற்றின் ஆழமும்

வாரணாசியிலிருந்து அசாமின் திப்ரூகர் வரை ஏறத்தாழ 3,200 கி.மீ. தொலைவு பயணித்த நதி சொகுசுக் கப்பல் எம்.வி. கங்கா விலாஸ். இந்தியாவில் கட்டப்பட்ட இக்கப்பலின் முதல் பயணத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2023 ஜனவரி 13 அன்று காணொலி வாயிலாகத் தொடங்கி வைத்தார்.

கப்பலின் அமைப்பு

62 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் கொண்ட இக்கப்பலில் மூன்று தளங்கள் உள்ளன. 18 அறைகளில் 36 பேர் தங்கலாம். நீருக்குள் 1.4 மீட்டர் மட்டுமே அமிழ்வதால், ஆழம் குறைந்த பகுதிகளிலும் இதனால் செல்ல இயலும்.

பயண வழி

பாட்னா, சாகிப்கஞ்ச், கொல்கத்தா, டாக்கா, குவாஹாட்டி வழியாகச் சென்ற கப்பல், 27 நதி அமைப்புகளையும் ஐந்து இந்திய மாநிலங்களையும் வங்கதேசத்தையும் கடந்து, 2023 பிப்ரவரி 28 அன்று திப்ரூகரை அடைந்தது. சுந்தரவனமும் காசிரங்காவும் பயணத்தில் இடம்பெற்றன. முதல் பயணத்தில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த 32 பேர் பங்கேற்றனர்.

பிரயாக்ராஜ் - ஹால்டியா இடையிலான 1,620 கி.மீ. தேசிய நீர்வழி 1, துப்ரி - சதியா இடையிலான 891 கி.மீ. தேசிய நீர்வழி 2 ஆகியவை இவ்வழியின் இரு முக்கியப் பகுதிகள். இடையில் வங்கதேச ஆறுகள் அமைந்துள்ளன. அவற்றில் இந்தியக் கப்பல்கள் செல்ல இரு நாடுகளும் 1972இல் செய்துகொண்ட நீர்வழி உடன்பாடு வழிவகுக்கிறது.

ரஷ்யாவுடன் ஒப்பீடு

நதிச் சுற்றுலாவில் நீண்ட அனுபவம் கொண்ட ரஷ்யாவில், மாஸ்கோ - செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வழித்தடம் புகழ்பெற்றது. 1937இல் திறக்கப்பட்ட மாஸ்கோ கால்வாயும், வோல்கா ஆற்றின் அணைகளும், 1964இல் திறக்கப்பட்ட வோல்கா - பால்டிக் நீர்வழியும் ஆண்டின் பெரும்பகுதி சீரான ஆழத்தைத் தருகின்றன. எனவே சுமார் 125 மீட்டர் நீளமுள்ள நான்கு தளக் கப்பல்களும் அங்கு இயங்குகின்றன. ஆறுகள் உறையும் குளிர்காலத்தில் மட்டும் சேவை நிறுத்தப்படும்.

கங்கையின் நிலை வேறு. இங்கு மணல் திட்டுகள் ஆண்டுதோறும் இடம் மாறுகின்றன. மழைக்காலம் முடிந்தபின் நீர்மட்டம் சரிகிறது. 2023 ஜனவரியில் பீகாரின் சாப்ரா அருகே கப்பல் ஆழமற்ற நீரில் சிக்கியதாகச் செய்திகள் வெளியாயின. இந்திய உள்நாட்டு நீர்வழிகள் ஆணையம் அதனை மறுத்து, கப்பல் திட்டமிட்டபடி பாட்னாவை அடைந்ததாகத் தெரிவித்தது.

தூர்வாரலும் டால்பின்களும்

உலக வங்கி உதவியுடன் ரூ.5,369 கோடி மதிப்பில் 2018இல் ஒப்புதல் பெற்ற ஜல் மார்க் விகாஸ் திட்டம், வாரணாசி - ஹால்டியா இடையே இடத்திற்கேற்ப 2.2 முதல் 3 மீட்டர் ஆழத்தைப் பராமரிப்பதை நோக்கமாகக் கொண்டது.

எனினும், தூர்வாருதலும் இயந்திர இரைச்சலும் தேசிய நீர்வாழ் விலங்கான கங்கை டால்பினைப் பாதிக்கக்கூடும் என்று சூழலியலாளர்கள் எச்சரிக்கின்றனர். பார்வைத்திறன் ஏறத்தாழ இல்லாத இவ்வுயிரினம், ஒலியின் எதிரொலியைக் கொண்டே இரை தேடுகிறது. இவற்றுக்கான விக்ரமசிலா சரணாலயம், பீகாரின் பாகல்பூர் மாவட்டத்தில் இதே நீர்வழியில்தான் அமைந்துள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.