வேதாளம் கேள்வி கேட்டால் யார் பதில் சொல்வது?

இந்த எபிசோடில் விக்கிரமாதித்தன் கதையைத் திரும்பக் கேட்கப்போறோம். சிம்மாசனத்தில் 32 பதுமைகள், முருங்கை மரத்து வேதாளம், மந்திரி பட்டி. எல்லாம் கேள்விப்பட்டதுதான். ஆனால், முழுசாப் படிச்சவங்க நம்மில் குறைவு. நான் ராயபுரத்திலிருந்து எண்ணூர் போகிற மின்சார ரயிலில் கொஞ்சம் கொஞ்சமாக இதை ஆடியோ புத்தகமாகக் கேட்டு முடிச்சேன். கேட்கக் கேட்க ஒண்ணு புரிஞ்சுது. இந்தக் கதை காதுக்காகவே உண்டானது. நாம கண்ணால் படிச்ச காலம்தான் இடையில் வந்து போனது.

அந்த இடைக்காலத்துக்கு ஒரு பெயர் உண்டு: அம்புலிமாமா. 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தெலுங்கில் 'சந்தமாமா', தமிழில் 'அம்புலிமாமா' என்று தொடங்கிய பத்திரிகை. கையில் வாளோடு தோளில் பிணத்தைச் சுமந்து நடக்கும் விக்கிரமன் படத்தை வரைந்தவர் ஓவியர் சங்கர். பழைய நூலில் வேதாளம் சொல்லும் கதைகள் 25 தான். அம்புலிமாமா அதைத் தாண்டி மாதாமாதம் புதுக் கதைகளைச் சொல்லவைத்தது. பெரியவர்களுக்கான சமாச்சாரங்களை எடுத்துவிட்டு, அதைப் பிள்ளைகள் தனியாக உட்கார்ந்து படிக்கிற தொடராக்கியது. 2013-இல் பத்திரிகை நின்றுபோச்சு.

அதுக்கு முன்னாடி? ராயபுரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், மின்ட் பக்கம் கொண்டித்தோப்பு இருக்கு இல்லையா? அங்கேதான் பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் நிறுவனம் இருந்தது. 'பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை', 'பெரிய எழுத்து மதனகாமராஜன் கதை', 'பெரிய எழுத்து நல்லதங்காள் கதை' என்று வரிசையாக அச்சிட்டார்கள். மலிவான தாள், பெரிய பெரிய எழுத்து. சந்தையிலும் திருவிழாவிலும் விற்ற சரக்கு. இந்த மாதிரிப் புத்தகங்களுக்கு 'குஜிலி நூல்கள்' என்றே பெயர். வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி இவற்றை 'முச்சந்தி இலக்கியம்' என்று ஒரு நூலாகவே எழுதியிருக்கார்.

ஏன் பெரிய எழுத்து? 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது மதராஸ் மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. ஒரு தெருவில் ஒருத்தருக்கு எழுத்துக் கூட்டத் தெரிஞ்சால் போதும், அவர் விளக்கு வெளிச்சத்தில் உரக்கப் படிப்பார், மத்தவங்க சுத்தி உட்கார்ந்து கேட்பாங்க. தட்டுத்தடுமாறிப் படிக்கிறவருக்கும், கண் மங்கினவருக்கும் அந்த எழுத்து உதவியது. ஒரு பிரதியை எத்தனை பேர் வாங்கினாங்க என்பதை வச்சு இந்தக் கதையின் செல்வாக்கை அளக்க முடியாது. ஒரு எழுத்தும் தெரியாத பாட்டி ராத்திரி முழுக்க விக்கிரமாதித்தன் கதை சொன்னாங்கன்னா, அவங்களும் அந்தப் புத்தகத்தின் வாசகர்தான். இலக்கிய வரலாற்றில் அவங்க பெயர் வராது, அவ்வளவுதான்.

கதையின் நடையிலேயே இந்தக் கேட்கிற பழக்கம் தெரியும். 'என்று சொல்ல', 'என்று கேட்க' என வாக்கியம் மூச்சு விடாமல் நீண்டுகிட்டே போகும். தாளில் பார்த்தால் களைப்பா இருக்கும். குரலில் அதுவே ஓட்டம். போஜராஜனுக்குப் பதுமை கதை சொல்லும், அந்தக் கதைக்குள் விக்கிரமாதித்தனுக்கு வேதாளம் கதை சொல்லும். பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கவேண்டிய இந்தச் சிக்கல், வாசிப்பவர் குரலை மாத்தினதும் அவிழ்ந்துபோகுது.

இந்தக் கேட்கிற பழக்கத்துக்கு வடசென்னையில் வயசு அதிகம். திருவொற்றியூர் கோயில் கல்வெட்டு ஒன்று, 12-ஆம் நூற்றாண்டில் சோழ மன்னன் இரண்டாம் இராஜாதிராஜன் பங்குனி விழாவின்போது அங்கே உட்கார்ந்து ஆளுடைய நம்பியின், அதாவது சுந்தரரின், புராணத்தைக் கேட்டதைச் சொல்கிறது. சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்ததாகச் சொல்லப்படும் அதே ஊர். அரசனும் மத்தவங்களோடு சேர்ந்துதான் கேட்டிருக்கான்.

அப்படிச் சேர்ந்து கேட்கிறது சில சமயம் கதையோடு நிற்காது. பெரம்பூரில் ஆலைத் தொழிலாளர்கள் வந்து சமயச் சொற்பொழிவு கேட்பதற்கென்று ஒரு சபை இருந்தது. அதை நடத்திய செல்வபதி செட்டியாரும் ராமாஞ்சுலு நாயுடுவும்தான் பி. பி. வாடியாவை அழைத்து வந்தார்கள். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. கேட்க வந்த கூட்டம், தன் சம்பளத்தையும் வேலை நேரத்தையும் பத்திப் பேச ஆரம்பிச்ச கூட்டமா மாறிடுச்சு.

இப்போ நம்ம இயர்போனுக்கு வருவோம். வேதாளத்தின் நிபந்தனை ஞாபகம் இருக்கா? கதை முடிஞ்சதும் அது ஒரு கேள்வி கேட்கும். பதில் தெரிஞ்சும் ராஜா வாய் திறக்கலைன்னா தலை சுக்குநூறாகும். வாய் திறந்தால் மௌனம் கலையும், வேதாளம் திரும்ப மரத்துக்குப் போயிடும். அந்தக் கேள்வி ராஜாவுக்கு மட்டும் இல்லை. சுத்தி உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும்தான். மூணு பேரில் அந்தப் பெண் யாருக்கு உரியவள், யார் செய்த தியாகம் பெரிசு என்று திண்ணையில் அவங்க சண்டை போடுறதுக்காக விட்ட இடைவெளி அது. விக்கிரமாதித்தன் சொல்ற பதில் பல சமயம் இன்னைக்கு நமக்கு ஒத்துவராது. மறுத்துப் பேச ஆள் இருந்தால்தான் அது தெரியவரும்.

நான் கேட்ட பதிவில் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடக்கூட நேரம் இல்லை. அடுத்த பகுதி தானாகவே ஓடத் தொடங்கிடுது. ஆடியோ புத்தகம் நமக்குக் குரலைத் திருப்பித் தந்திருக்கு, நல்ல விஷயம். கூட உட்கார்ந்து கேட்கிறவங்களை அது தராது. அதை நாமதான் ஏற்பாடு பண்ணணும்.

அதனால ஒரு வேண்டுகோள். இந்த வாரம் வேதாளக் கதை ஒண்ணை வீட்டில் ஸ்பீக்கரில் போடுங்க. கேள்வி வந்ததும் நிறுத்துங்க. முதலில் வீட்டிலேயே வயசானவங்க கிட்ட பதில் கேளுங்க, அப்புறம் சின்னப் பிள்ளைங்க கிட்ட. விக்கிரமாதித்தன் என்ன சொன்னான்னு கடைசியில் பார்த்துக்கலாம்.