அமைதிப்படை கப்பலேறிய பிறகு

2021 ஆகஸ்ட் 15-ல் காபூல் தாலிபான்களிடம் வீழ்ந்தபோது உலகமே வியந்தது. தமிழர்களுக்கு இது பழகிய கதைதான். அவர்கள் பேசியது மதம், புலிகள் பேசியது இனம்.

1987 ஒப்பந்தப்படி இலங்கை சென்ற இந்திய அமைதிப்படை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்து, 1990 மார்ச் 24-ல் திருகோணமலையில் கப்பலேறியது. அது உருவாக்கிய தமிழ்த் தேசிய ராணுவம் அதற்கு முன்பே சிதறிவிட்டது. கட்டாயமாகப் பிடித்துவந்த பையன்கள் யாருக்காகச் சண்டை போடுவார்கள்? அவர்களுடைய ஆயுதங்கள் புலிகள் கைக்குப் போயின. (இந்தியப் படையை எதிர்க்க பிரேமதாசா அரசே புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தது தனிக் கூத்து!)

ஜூனில் மீண்டும் போர். அக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் விரட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டே மணி நேரம். கடல் தாண்டி வந்த தமிழர்கள் மண்டபம் வழியாகப் பல ஊர் முகாம்களுக்குப் பிரிந்தார்கள். அருப்புக்கோட்டைப் பக்கத்து வானம் பார்த்த பூமியிலும், மல்லாங்கிணற்றில், ஈழ அகதிகள் முகாம் உண்டு.