கற்பூரவிலையும் பள்ளிச்சந்தமும்

ஆர்க்காட்டை அடுத்த பஞ்சபாண்டவ மலை, கல்வெட்டில் திருப்பான்மலை எனப்படுகிறது. அம்மலைப் பள்ளிக்குக் கூரகன்பாடி என்னும் ஊர் பள்ளிச்சந்தமாக விடப்பட்டிருந்தது. ஊர் பெயரளவில் பள்ளியினுடையதே. எனினும் அதன் கற்பூரவிலை என்னும் வருவாயை முன்னிருந்த இலாடராசர்கள் தாமே எடுத்துக்கொண்டமையால் அறம் கெட்டு வந்தது. கொடையைப் பறிக்காமலே அதன் பயனைப் பறித்த செயல் இது!

முதலாம் இராசராசனின் 8ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 992 அளவில், இலாடராசன் வீரசோழன் தேவியுடன் அம்மலைக்கு வழிபட வந்தான். அங்கே தேவியார் இலாடமாதேவியார், கற்பூரவிலையையும் வேறோர் இறையையும் ஒழித்தருள வேண்டுமென விண்ணப்பித்தார். அரசனும் அவ்வாறே ஒழித்தான். அரசியாரின் இவ்விண்ணப்பம் கல்லில் ஏறியிராவிடில், பள்ளிக்கு நேர்ந்த வருவாயிழப்பை இன்று நாம் அறிந்திருக்க மாட்டோம்.

ஏறத்தாழ 390 ஆண்டுகள் கழித்து, காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் விசயநகரத் தண்டநாயகர் இருகப்பர் முறையை இன்னும் தெளிவாக்கினார். 1382இல் அவர் திரைலோக்கியநாதர் கோயிலுக்கு மகேந்திரமங்கலம் என்னும் ஊரை அளித்தபோது, பூசையோடு திருப்பணிச் செலவும் கொடையில் குறிக்கப்பெற்றது. தம் ஆசிரியர் புட்பசேனரின் சொற்படி அவர் அங்கே சங்கீத மண்டபம் எழுப்பியது அதற்கு 5 ஆண்டுகளுக்குப் பின்னரே.