அலகு மாற்றம்

அலகு மாற்றம் என்பது ஓர் அளவு மாறாமல், அதைக் குறிக்கும் அலகை மட்டும் மாற்றி எழுதும் கணக்கு முறை. வேதியியல் மாணவர் ஆய்வகத்தில் முதலில் பழக வேண்டிய திறன்களில் இது ஒன்று. மருந்தளவைக் கணக்கிடும் செவிலியருக்கும், நிலம் அளக்கும் சர்வேயருக்கும், விமானத்துக்கு எரிபொருள் நிரப்புபவருக்கும் இது அன்றாட வேலை. அளவீடு என்பது எண்ணும் அலகும் சேர்ந்தது. அலகை விட்டுவிட்டால், எஞ்சும் எண்ணைக் கொண்டு எவ்வளவு என்று சொல்ல முடியாது.

பருப்பொருளும் அதன் அளவுகளும்

நிறை கொண்டு, இடத்தை அடைத்துக்கொள்ளும் எதுவும் பருப்பொருள். அதனால் ஒரு பொருளைப் பற்றி முதலில் அளக்கப்படுபவை அதன் நிறையும் பருமனும். நிறையை எடையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. எடை என்பது பொருளின் மீது செயல்படும் ஈர்ப்பு விசை. நிலவில் ஒரு பொருளின் எடை பூமியில் உள்ளதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறையும். நிறை அப்படியே இருக்கும். நிறையின் அலகு கிலோகிராம், எடையின் அலகு நியூட்டன்.

நிறையும் பருமனும் எவ்வளவு பொருளை எடுத்தோம் என்பதைப் பொறுத்து மாறும். நிறையைப் பருமனால் வகுத்துப் பெறும் அடர்த்தி அப்படி மாறுவதில்லை. அது பொருளின் இயல்பைக் காட்டுகிறது. அறை வெப்பநிலையில் ஒரு கன சென்டிமீட்டர் தங்கத்தின் நிறை 19.3 கிராம், இரும்புக்கு 7.87 கிராம், அலுமினியத்துக்கு 2.70 கிராம். பனிக்கட்டியின் அடர்த்தி 0.917 மட்டுமே என்பதால் அது நீரில் மிதக்கிறது. வெப்பநிலை மாறினால் பருமனும் மாறுவதால், அடர்த்தியைச் சொல்லும்போது வெப்பநிலையையும் சேர்த்துச் சொல்வது முறை.

பொது அலகுகள் உருவான வரலாறு

18ஆம் நூற்றாண்டு பிரான்சில் முகத்தலளவையும் நீட்டலளவையும் ஊருக்கு ஊர் வேறுபட்டன. புரட்சிக்குப் பின் அங்கே எல்லோருக்கும் பொதுவான அளவை முறையை வகுக்கக் குழுக்கள் அமைந்தன. வேதிவினையில் மொத்த நிறை மாறுவதில்லை என்பதைத் தராசின் துணையால் நிறுவிய அந்துவான் லவாசியே அப்பணியில் பங்கேற்றார். 1794இல் அவர் கில்லட்டினில் கொல்லப்பட்டார். மறு ஆண்டு, 1795 ஏப்ரல் 7 அன்று, மீட்டர், லிட்டர், கிராம் ஆகியவற்றை வரையறுத்த சட்டம் நிறைவேறியது.

வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தொலைவில் கோடியில் ஒரு பங்கே மீட்டர் எனக் கொள்ளப்பட்டது. ஒரு கன சென்டிமீட்டர் நீரின் நிறையே கிராம் எனப்பட்டது. நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1 என்று வருவதற்கு இந்த வரையறைதான் காரணம்.

1875 மே 20 அன்று 17 நாடுகள் பாரிசில் மீட்டர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 1960இல் பன்னாட்டு அலகு முறை, அதாவது எஸ்.ஐ. முறை, அந்தப் பெயரைப் பெற்றது. மீட்டர், கிலோகிராம், வினாடி, ஆம்பியர், கெல்வின், கேண்டிலா ஆகிய ஆறோடு 1971இல் மோல் சேர்ந்து, அடிப்படை அலகுகள் ஏழாயின. இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. நாட்டின் அளவைத் தரங்களைப் புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் பேணுகிறது.

1889 முதல் கிலோகிராமுக்கு அடிப்படையாக இருந்தது பிரான்சில் பாதுகாக்கப்பட்ட பிளாட்டினம்-இரிடியம் உருளை. 2019 மே 20 முதல் அதன் இடத்தில் பிளாங்க் மாறிலி வந்தது. அதே நாளில் ஒரு மோல் என்பது 6.02214076 × 10²³ துகள்கள் எனத் திட்டவட்டமாக வரையறுக்கப்பட்டது.

மாற்றும் முறை

ஒரே அளவை இரு அலகுகளில் எழுதி, ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் கிடைப்பது மாற்றுக்காரணி. ஓர் அங்குலம் என்பது 2.54 சென்டிமீட்டர். எனவே 2.54 சென்டிமீட்டரை ஓர் அங்குலத்தால் வகுத்தால், அதன் மதிப்பு 1. எந்த அளவையும் 1ஆல் பெருக்கினால் அது மாறாது. அலகு மட்டுமே மாறும். வேண்டாத அலகு மேலும் கீழும் வந்து நீங்கும்படி காரணியை எழுத வேண்டும். 10 அங்குலத்தை இப்படிப் பெருக்கினால் அங்குலம் நீங்கி 25.4 சென்டிமீட்டர் எஞ்சும். காரணியைத் தலைகீழாக எழுதினால் அங்குலம் நீங்காமல் இருமடியாகிவிடும். தவறு உடனே கண்ணில் படும். கணக்கைச் செய்யும்போதே பிழையைக் காட்டிக்கொடுப்பது இம்முறையின் பெரும் பயன்.

பரப்பளவுக்குக் காரணியை இருமடியாக்க வேண்டும், பருமனுக்கு மும்மடியாக்க வேண்டும். ஓர் அடி 0.3048 மீட்டர். ஆனால் 435.6 சதுர அடி கொண்ட ஒரு சென்ட் நிலத்தை 0.3048ஆல் பெருக்கினால் விடை தவறு. இருமுறை பெருக்கினால்தான் 40.47 சதுர மீட்டர் என்ற சரியான விடை வரும். ஒரு மீட்டரில் 100 சென்டிமீட்டர் இருந்தாலும், ஒரு கன மீட்டரில் 10 லட்சம் கன சென்டிமீட்டர் அடங்குவதும் இதனால்தான்.

வெப்பநிலை மட்டும் வேறு வகை. செல்சியசுக்கும் பாரன்ஹீட்டுக்கும் சுழிப் புள்ளிகளே வேறு என்பதால், செல்சியஸ் மதிப்பை 1.8ஆல் பெருக்கிய பின் 32ஐக் கூட்ட வேண்டும். கெல்வினுக்கு 273.15ஐக் கூட்டினால் போதும்.

வேறு வகை அளவுகளை இணைத்தல்

பருமனை நிறையாக மாற்ற அடர்த்தியும், நிறையை மோலாக மாற்ற, ஒரு மோல் பொருளின் நிறையான மோலார் நிறையும் உதவுகின்றன. இவை அலகுகளின் வரையறையிலிருந்து வருபவை அல்ல. அந்தந்தப் பொருளுக்கே உரிய பண்புகள். ரத்தச் சர்க்கரையை இந்தியாவில் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றும், பிரிட்டன், கனடா, மலேசியா போன்ற நாடுகளில் லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்றும் குறிக்கிறார்கள். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராம் என்பது நீரிழிவைக் கண்டறியும் எல்லை. ஒரு லிட்டருக்கு அது 1,260 மில்லிகிராம். குளுக்கோஸின் மோலார் நிறை 180.16 கிராம் என்பதால், வகுத்தால் 6.99 மில்லிமோல் வரும். வெளிநாட்டு அறிக்கைகளில் 7.0 என்று காணப்படும் எல்லையும் இதுவே. கொலஸ்டிராலின் மோலார் நிறை வேறு என்பதால், அதற்கு இந்தக் காரணி பொருந்தாது.

முக்கிய எண்ணுருக்கள்

அலகை மாற்றுவதால் அளவீட்டின் நுட்பம் கூடுவதில்லை. 23.16 கிராம் நிறையும் 3.0 மில்லிலிட்டர் பருமனும் கொண்ட உலோகத் துண்டின் அடர்த்தியைக் கணிப்பொறி 7.72 என்று காட்டும். பருமனில் முக்கிய எண்ணுருக்கள், அதாவது அளவீட்டின் நுட்பத்தைக் காட்டும் இலக்கங்கள், இரண்டே என்பதால், விடையை 7.7 என்றுதான் எழுத வேண்டும். 2.54 போன்று வரையறையாகவே வகுக்கப்பட்ட காரணிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

பிழைகளின் விளைவு

1983 ஜூலை 23 அன்று ஏர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானம் மான்ட்ரியலில் இருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குப் புறப்பட இருந்தது. எரிபொருள் காட்டி பழுதாகியிருந்ததால், தொட்டிகளில் இருந்த எரிபொருளை அளவுகோலால் அளந்தனர். 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்குத் தேவை 22,300 கிலோகிராம். லிட்டரைக் கிலோகிராமாக்க 0.803ஆல் பெருக்கியிருக்க வேண்டும். அந்த நிறுவனத்தின் பிற விமானங்களுக்குப் பழகிய 1.77 என்ற எண்ணால் பெருக்கினார்கள். அது ஒரு லிட்டர் எரிபொருளின் நிறையைப் பவுண்டில் சொல்லும் எண். ஏறத்தாழ 20,000 லிட்டர் நிரப்ப வேண்டிய இடத்தில் 5,000 லிட்டருக்கும் குறைவாகவே நிரப்பப்பட்டது. 41,000 அடி உயரத்தில் பறந்தபோது எரிபொருள் தீர்ந்து, எஞ்சின்கள் இரண்டும் நின்றன. தலைமை விமானி ராபர்ட் பியர்சனும் துணை விமானி மாரிஸ் குவின்டலும் விமானத்தை மிதக்கவிட்டு, மானிட்டோபா மாகாணத்தின் கிம்லியிலிருந்த பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினர். அதிலிருந்த 69 பேரும் உயிர் தப்பினர்.

1999 செப்டம்பரில் நாசா தன் செவ்வாய்ப் பருவநிலை ஆய்வுக்கலத்தை இழந்தது. உந்துவிசைக் கணக்கைத் தந்த மென்பொருள் பவுண்டு-விசை அலகையும், அதைப் பெற்றுக்கொண்ட மென்பொருள் நியூட்டனையும் பயன்படுத்தியதே காரணம். இரண்டுக்கும் இடையே 4.45 மடங்கு வேறுபாடு.

கிம்லிக் கணக்கில் பெருக்கலும் வகுத்தலும் சரியாகவே இருந்தன. 1.77க்குப் பக்கத்தில் அதன் அலகு எழுதப்பட்டிருந்தால், பவுண்டும் கிலோகிராமும் ஒன்றையொன்று நீக்காமல் நிற்பது புறப்படுமுன்பே தெரிந்திருக்கும். கணக்கின் ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதும் பழக்கமே இத்தகைய பிழைகளைத் தடுக்கும் மிக எளிய, மிக உறுதியான வழி.